போலீஸ் மேல் கொடுத்த மனு அதே ஸ்டேஷனுக்கே வருகிறது: கேட்க யார் இருக்கிறார்கள்?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்)

வழக்கமாக நான் இங்கே முறைத் தண்ணீர், பயிர்க் காப்பீடு என்றுதான் எழுதுவேன். இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

போன வருடம் குறுவை அறுப்பு நேரத்தில் எங்கள் பக்கம் பம்புசெட்டு கேபிள் திருட்டு தொடங்கியது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே வாரத்தில் நாலு மோட்டார் கொட்டகை. ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் ராத்திரி என் அண்ணன் மகனை "சும்மா விசாரிக்கணும், காலையில அனுப்பிடுறோம்" என்று கூட்டிப் போனார்கள். அவனுக்கு 23 வயது. கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறான். ராத்திரி நேரத்தில் வயல்பக்கம் போய் வருபவன் என்பதுதான் சந்தேகத்துக்குக் காரணமாம்.

இரண்டு இரவு வைத்திருந்தார்கள். ஒரு காகிதம் கிடையாது, வீட்டுக்குத் தகவல் கிடையாது. மூன்றாம் நாள் காலை விட்டபோது உள்ளங்கால் வீங்கி செருப்புப் போட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பயந்துபோய் அவனும் அப்படியே சொல்லிவிட்டான். இருபது நாள் கழித்து நிஜமான திருடர்கள் வேறு மாவட்டத்தில் கேபிளோடு பிடிபட்டார்கள்.

நான் கொடுத்த புகாரில் என் அண்ணன் மகன் அடி வாங்கினான். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அப்புறம் மாவட்டப் போலீஸ் அலுவலகத்தில் ஒன்று. அப்புறம் முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்தார்கள். மூன்றும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்தே போன்: "உங்க மனு வந்திருக்கு, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." நான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, மனு தீர்வு செய்யப்பட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது.

ஸ்டேஷன் பெயரை எழுதப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். போலீஸைக் கண்காணிக்க அரசாங்கத்தில் யாரோ இருக்கத்தானே வேண்டும்? அவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

மன்னை ராஜகோபுரம்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. தம்பி இப்போது எப்படி இருக்கிறான்? மிஷின் ஓட்டப் போகிறானா?

கடைமடைக்காரன்

போகிறான். ராத்திரி ஓட்ட மறுக்கிறான். அறுப்புச் சமயத்தில் ராத்திரி ஓட்டாதவனுக்குப் பாதிக் கூலிதான்.

குடந்தை வக்கீல்

அண்ணே, அந்தப் பையனை இரண்டு ராத்திரி வைத்திருந்ததே சட்டவிரோதம். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தவை. பிறகு அவை சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைது இல்லை, விசாரணைதான் என்றால் எழுத்தில் அழைப்பு கொடுத்திருக்க வேண்டும். "சும்மா கூட்டிட்டுப் போறோம்" என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமே இல்லை.

இனி உங்கள் கேள்வி. அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற டி.ஜி.பி. 1996இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பத்து வருடம் கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்குமாக ஏழு கட்டளைகள். அவற்றில் உங்களுக்கு வேண்டியது காவல் புகார் ஆணையம். மாநில அளவில் ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. டி.எஸ்.பி. வரைக்குமான அதிகாரிகள் மேல் வரும் புகாரை மாவட்ட ஆணையமே கேட்கும். அது சொல்லும் நடவடிக்கை அரசைக் கட்டுப்படுத்தும். வெறும் சிபாரிசு இல்லை.

தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் புகார் ஆணையம் இருக்கிறது. ஆனால் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். நீதிபதியைக் காணோம். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள்.

ஆக, அண்ணே, நீங்கள் திங்கட்கிழமை மனு கொடுத்தீர்களே, அந்த ஆட்சியரே தலைவர். இரண்டாவது மனு கொடுத்த இடத்தின் தலைமை அதிகாரி அதில் உறுப்பினர்.

கடைமடைக்காரன்

சார், இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. ஒன்று சொல்கிறேன்.

காவிரியில் நமக்கு வரவேண்டிய தண்ணீர் 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருகிற தண்ணீரை மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அளப்பது கர்நாடக அதிகாரி இல்லை, நம் நீர்வளத்துறை ஆளும் இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் ஆட்கள். ஏன் அப்படி? ஷட்டரைத் திறக்கிறவன் கையிலேயே அளவுகோலையும் கொடுத்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் கணக்கில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வருடம் சண்டை போட்டுத்தான் அதைப் பெற்றோம்.

தண்ணீருக்குப் புரிந்த இந்த விஷயம் ஒரு பையனின் உள்ளங்காலுக்கு ஏன் புரியவில்லை?

காசுக்கடைத் தெரு (கும்பகோணம்)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் ஏழு தையல். அம்மா இன்றைக்கும் இருட்டில் வாசலுக்கு வருவதில்லை. போலீஸ் ஒன்பதே நாளில் ஆளைப் பிடித்து நகையை மீட்டுக் கொடுத்தது. அந்த இன்ஸ்பெக்டரை நாங்கள் சாமி மாதிரி நினைக்கிறோம்.

அதற்குக் கமிஷன், இதற்கு ஆணையம் என்று கையைக் கட்டிப்போட்டால் நாளைக்கு எவன் பயப்படுவான்? தப்புச் செய்த போலீஸைத் தண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிற போலீஸும் பயந்து உட்கார்ந்துவிடக் கூடாது. மயிலாடுதுறையிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் வியாபாரிகளைக் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

பாரா 34 (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்)

34 வருடம் சர்வீஸ். தஞ்சை சரகத்தில் மட்டும் பதினோரு ஸ்டேஷன். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடைக்காரத் தம்பி, உங்கள் அம்மாவின் சங்கிலி எப்படிக் கிடைத்தது என்று அந்த ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள். தெரு கேமரா, பைக் நம்பர், பழைய குற்றவாளி பட்டியல், ஊர் ஊராகப் போய்க் கேட்டது. ஒன்பது நாள் தூங்காமல் நாலு பேர் அலைந்திருப்பார்கள். நல்ல போலீஸ் வேலை என்றால் அதுதான். அடியில் கிடைப்பது அடிப்பவன் கேட்க விரும்பும் பதில். வலி தாங்காதவன் திருடாததையும் திருடினேன் என்பான். நிஜத் திருடன் வெளியே அடுத்த கொட்டகைக்குப் போய்க்கொண்டிருப்பான். கடைமடை அண்ணன் சொன்ன கதையிலேயே அது இருக்கிறது.

ஏன் அடிக்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். நியாயப்படுத்த அல்ல. மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். "உன் லிமிட்டில் நாலு கேஸ், ஒன்றும் ரெகவரி இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் காட்டு" என்பார்கள். ரெகவரி என்றால் திருட்டுப் பொருளை மீட்டுக் காட்டுவது. காட்டாவிட்டால் மெமோ. மெமோ சேர்ந்தால் 3(பி) சார்ஜ் என்ற ஒழுங்கு நடவடிக்கை, இன்கிரிமென்ட் போச்சு. எஸ்.ஐ.க்கு மேலே இருந்து வருகிற அழுத்தம் கடைசியில் ஒரு மிஷின் ஓட்டும் பையனின் காலில் இறங்குகிறது. இடையில் தடுக்க ஆள் இல்லை.

இதோடு பந்தோபஸ்து. ஆழித்தேருக்கு நில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நில், மந்திரி வந்தால் மூன்று மணி நேரம் முன்னாலேயே வெயிலில் நில். வாராந்திர விடுப்பு உண்டு என்று 2021இல்தான் அரசாணையே வந்தது. மனுசனை மனுசனாக நடத்தாத இடத்தில் அவன் அடுத்தவனை எப்படி நடத்துவான்?

நான் ஒருவரையும் அடித்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப வருடங்களில் அடித்திருக்கிறேன். அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

குடந்தை வக்கீல்

ஐயா, நீங்கள் "ரெகவரி" என்றீர்களே, அதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படித்தான் வைத்தான், நம் போலீஸின் கை அவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்தான். சொன்னதால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 23. அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் இத்தனை அடியும் நுழைகிறது.

காசுக்கடைத் தெரு

ஏட்டையா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அந்த இன்ஸ்பெக்டருக்கே போன் போட்டேன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். தெரு கேமராவும் பழைய பட்டியலும்தானாம். அடிக்கவே இல்லை என்றார். எனக்கு இது தெரியாது. நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி, வேலை செய்கிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது, அப்படியே இருக்கிறது.

பாரா 34

அந்த மீதிப் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். கட்சியின் ஒன்றியச் செயலாளர் போன் போட்டு "அவன் நம்ம பையன், விட்டுடு" என்பார். விடாவிட்டால் பதினைந்து நாளில் மாற்றல். 2006 தீர்ப்பில் ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவரை இரண்டு வருடம் மாற்றக் கூடாது என்று இருக்கிறதாமே வக்கீல் சார்? என் சர்வீஸில் ஒரே ஸ்டேஷனில் இரண்டு வருடம் முழுசாக இருந்த இன்ஸ்பெக்டரை விரல்விட்டு எண்ணலாம்.

மேற்பார்வை மேற்பார்வை என்கிறீர்கள். அரசாங்க மேற்பார்வை என்று நான் பார்த்தது அந்த போன்தான். மணல் லாரியைப் பிடித்த மறுநாள் வந்த போன். கட்டப் பஞ்சாயத்துக்கு ஆள் அனுப்பச் சொன்ன போன். அந்த மேற்பார்வையை இன்னும் கூட்டினால் மக்களுக்கு என்ன கிடைக்கும்?

குடந்தை வக்கீல்

ஆமாம் ஐயா, எஸ்.பி., ஸ்டேஷன் பொறுப்பாளர் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு வருடம். டி.ஜி.பி.க்கும் அப்படியே, அவரை யு.பி.எஸ்.சி. கொடுக்கும் மூன்று பேர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பொறுப்பு டி.ஜி.பி. என்ற ஏற்பாடே கூடாது என்று 2018 ஜூலையில் மறுபடி சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் நம் மாநிலத்துக்குப் பொறுப்பு டி.ஜி.பி.தான் வந்தார்.

திருவையாற்றுப் பெண் (கல்லூரி மாணவி)

ஒரு சந்தேகம். ஐ.பி.எஸ். அதிகாரிகள் மத்திய அரசின் ஆட்கள்தானே? அப்படியானால் டெல்லி கண்காணிக்கலாமே?

குடந்தை வக்கீல்

நல்ல கேள்வி அம்மா. போலீஸ் என்பது ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல். ஐ.பி.எஸ். அகில இந்தியப் பணி. தேர்வும் நியமனமும் மத்தியில், பணிநீக்கமும் மத்தியில்தான். ஆனால் தினமும் வேலை வாங்குவது, மாற்றுவது, சஸ்பெண்ட் செய்வது மாநிலம். ஆக எஸ்.பி.க்கு இரண்டு எஜமானர்கள். அந்த இரண்டு பேரில் திருத்துறைப்பூண்டிக்காரர் இல்லை. டெல்லிக்குக் கொடுத்தால் மனு இன்னும் நீளமாகச் சுற்றும், அவ்வளவுதான். தேசிய அளவில் 1977இல் தர்ம வீரா தலைமையில் காவல் ஆணையம் போட்டார்கள், 1981க்குள் எட்டு அறிக்கை வந்தது. அலமாரியில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை.

திருவையாற்றுப் பெண்

நன்றி சார். இன்னொன்று சொல்ல வேண்டும், பெரியவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் "மாவுக்கட்டு" படங்கள் வாரத்துக்கு ஒன்று வரும். கையிலோ காலிலோ கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று கீழே எழுதியிருக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் ஒருமுறை கைதட்டியிருக்கிறேன். பெண்களைத் தொந்தரவு செய்த ஆள் என்று போட்டிருந்தது.

கடைமடை அங்கிள் எழுதியதில் "வரப்பில் வழுக்கி" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு வயிறு என்னவோ செய்தது. அதே வார்த்தை. குற்றவாளி என்று யாரும் இன்னும் முடிவு செய்யாத ஒருவருக்கு நாம் கைதட்டியிருக்கிறோம்.

கீவளூர் வாத்தியார் (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

அந்தப் பெண் எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது.

1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்களை வதைக்கிறார்கள் என்று குவியல் குவியலாக மனுக்கள் வந்தன. அறிக்கையில் நம் வார்த்தைகள் அப்படியே ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. கிட்டி என்றால் விரல்களை இரண்டு கட்டைக்கு நடுவில் வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்றால் ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. குனிந்த முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். கமிஷன் கண்டுபிடித்த முக்கியமான காரணம் என்ன தெரியுமா? வரியும் போலீஸும் ஒரே கையில் இருந்தது. அடித்தவன் மேல் புகார் சொல்ல, அடிக்கச் சொன்னவனிடமே போக வேண்டியிருந்தது. தூரம் வேறு. கலெக்டர் கச்சேரிக்குப் போய் வரும் நாட்களில் கூலியும் போகும், பயிரும் போகும்.

அதன் விளைவாகத்தான் 1859இல் 24ஆவது சட்டம் வந்தது, தனிப் போலீஸும் எஸ்.பி.யும் வந்தார்கள். அந்தச் சட்டம் இன்றும் நம் மாவட்டக் காவல் சட்டமாக நடப்பில் இருக்கிறது. கலெக்டரையும் எஸ்.பி.யையும் பிரித்து வைத்ததே ஒருவர் மேல் இன்னொருவர் கண் இருக்கட்டும் என்று. 2013இல் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, புகாரைக் கேளுங்கள் என்கிறார்கள். 1855இல் மனு எழுதியவர்கள் இன்று வந்து பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கீழ்வெண்மணி எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே அதிகம், ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். அரைப்படி கூலி நெல் கூடக் கேட்டவர்கள். உயர் நீதிமன்றத்தில் 1973இல், குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் விடுதலையானார்கள். நாட்கணக்காகப் பதட்டம் புகைந்துகொண்டிருந்த ஊர் அது. போலீஸ் யாரைக் காக்க நின்றது என்ற கேள்வியை எங்கள் பக்கம் வயதானவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதனால்தான் எங்களுக்குப் போலீஸ் அடிப்பது மட்டும் புகார் இல்லை. வராமல் இருப்பதும் புகார்தான். புகார் ஆணையம் என்று ஒன்று வந்தால் இரண்டையும் கேட்க வேண்டும்.

மன்னை ராஜகோபுரம்

வாத்தியார் ஐயா சொன்னதோடு 2017 ஜூன் 30ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதிராமங்கலம். வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஆட்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் உட்கார்ந்தார்கள். தடியடி. கைதானவர்களில் சிலர் ஒரு மாதத்துக்கும் மேல் உள்ளே இருந்தார்கள். அன்று ஊர்ப் பெண்கள் போலீஸ் மேல் புகார் கொடுக்க நினைத்திருந்தால் எங்கே போவது? மறுபடி அதே ஆட்சியர் அலுவலகம்தான்.

வேதை உப்பளம் (வேதாரண்யம்)

என் அத்தையைப் பருத்தித்துறையில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தச் சொந்தம் இன்னும் இருக்கிறது, அதனால் அங்கே நடப்பதைக் கவனித்து வருகிறேன். இலங்கையில் நாடு முழுக்க ஒரே பொலிஸ், தலைவர் பொலிஸ் மா அதிபர். 2001இல் 17ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் தேசிய பொலிஸ் ஆணைக்குழு என்று தனியாக வைத்தார்கள். மா அதிபரைத் தவிர மற்றவர்களின் நியமனம், பதவி உயர்வு, மாற்றம், ஒழுக்க நடவடிக்கை அதன் கையில். பொதுமக்களின் புகாரை விசாரிக்கும் வழியும் அதுவே செய்ய வேண்டும்.

2010இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015இல் 19 திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20 மறுபடி பிடுங்கியது. 2022இல் 21 மறுபடி கொடுத்தது. ஆட்சிக்கு வருகிறவரின் விருப்பப்படி ஆணைக்குழு வளர்ந்தும் தேய்ந்தும் வந்திருக்கிறது. 2024 ஜூலையில் அங்கே உச்ச நீதிமன்றம் மா அதிபரைப் பணியாற்றக் கூடாது என்று நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 5 அன்று நாடாளுமன்றம் 177 வாக்கில் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. இங்கே அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் என் அத்தை மகனிடம் கேட்டால், யாழ்ப்பாணத்துப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. கொழும்பில் ஆணைக்குழு இருப்பது அவனுக்கு எட்டுவதில்லை.

கடைமடைக்காரன்

எல்லாம் படித்தேன். வேதை அண்ணன் சொன்ன கடைசி வரி எனக்கு நன்றாகப் புரிகிறது. ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தால் மதுரை, திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னை. பத்து மைல் அந்தப் பக்கம் பிறந்திருந்தால் வேறு ஊர்க் கோர்ட். எங்களுக்கு இரண்டுமே ஒரு நாள் கூலியும் ஒரு ராத்திரி பஸ்ஸும்.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டிய ஆள் போலீஸுக்கு வெளியே இருக்க வேண்டும், ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். திருவாரூரில் ஒரு அறை போதும். ஒரு ஓய்வுபெற்ற ஜட்ஜ், ஒரு கிளார்க். என் அண்ணன் மகன் காலையில் பஸ் ஏறி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிப் பதிவேட்டை எடுக்க வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே இதுதான் என்று வக்கீல் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லி இத்தனை வருடமாகியும் ஏன் வரவில்லை என்று எந்தக் கட்சியும் எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்கும்போது பேசியதில்லை. இனி நான் கேட்பேன்.

இப்போதைக்கு என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள் சார். எட்டு மாதம் ஓடிவிட்டது.

குடந்தை வக்கீல்

அதற்குத்தான் காத்திருந்தேன். அந்த அறை வரும்வரை இருக்கிற வழியைப் பிடிப்போம்.

மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்விட வேண்டும், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தபாலில் அனுப்பலாம். முன்பெல்லாம் ஆணையம் சொல்வதை அரசு காதில் வாங்காமல் விட்டுவிடும். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு சொன்னது. அது பெரிய மாற்றம்.

அடுத்து கேமரா. இதில்தான் அவசரம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காயம் பட்டவர் புகார் கொடுத்தால் மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவை உடனே வரவழைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அந்த வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்ததில் தகப்பனும் மகனும் செத்தபோது, அந்த ஸ்டேஷன் கேமராவில் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தது நினைவிருக்கிறதா? அதனால் புகாரின் முதல் பத்தியிலேயே தேதி, நேரம் போட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே நாளில் எஸ்.பி.க்கும் ஒரு பதிவுத் தபால்.

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதை வாங்குங்கள். "வரப்பில் விழுந்தேன்" என்று இருப்பதால் பயப்பட வேண்டாம். காயம் எந்த இடத்தில் என்று டாக்டர் எழுதியிருப்பார். வரப்பில் வழுக்கியவனுக்கு இரண்டு உள்ளங்காலிலும் ஒரே மாதிரி வீங்காது. ஏன் அப்படிச் சொன்னான் என்பதைப் புகாரில் அவன் வாயாலேயே எழுதட்டும்.

முக்கியமான கேள்வி, தம்பி கையெழுத்துப் போடுவானா?

கடைமடைக்காரன்

நேற்று ராத்திரி கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவன் அம்மா வேண்டாம் என்றார்கள், மறுபடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பயம். அப்புறம் இந்த இழையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஏட்டையா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். போடுகிறேன் சித்தப்பா என்றான்.

பாரா 34

தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வக்கீல் சார் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். எந்த ஸ்டேஷனிலும் 24 மணி நேரமும் வாசலில் பாரா நிற்கும். உள்ளே யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த அறைக்குப் போனார், எல்லாம் பாராவில் நின்றவருக்குத் தெரியும். சாத்தான்குளத்தில் உண்மையைச் சொன்னது அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான். எல்லா ஸ்டேஷனிலும் மனசாட்சி உள்ள ஒருவராவது இருப்பார். யாராவது அதிகாரத்தோடு கேட்டால்தான் அவரால் பேச முடியும். அதனால் புகாரில் கேமரா பதிவோடு நிறுத்த வேண்டாம். அந்த இரண்டு இரவின் பொது நாட்குறிப்பும், பாரா மாறிய பதிவும் வேண்டும் என்று எழுதுங்கள். பெயரைப் போட்டுக் கேட்க வேண்டாம், தேதியைப் போட்டுக் கேளுங்கள்.

ஏ.ஆர். காப்பி வாங்க நானும் கூட வருகிறேன். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

கடைமடைக்காரன்

ஐயா, திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் நானும் அவனும் வருகிறோம். பாராவையும் நாட்குறிப்பையும் சேர்த்து எழுதிவிட்டேன்.